மேரி பாப்பின்ஸ் படங்கள் இரண்டையும் பிள்ளைகளோடு பார்ப்பது எப்படி

மாயம் தெரிந்த ஓர் ஆயாவின் கதையாக 1964இல் வெளிவந்த ‘மேரி பாப்பின்ஸ்’ படத்துக்கும், 2018 டிசம்பரில் வெளிவந்த அதன் தொடர்ச்சியான ‘மேரி பாப்பின்ஸ் ரிட்டர்ன்ஸ்’ படத்துக்கும் இடையே 54 ஆண்டுகள் ஓடிவிட்டன. முதல் படத்தைச் சிறு வயதில் பார்த்தவர்கள் இன்று தாத்தா பாட்டிகளாகிவிட்டார்கள்; இரண்டாவது படத்தை விரும்பிப் பார்த்த பிள்ளைகளில் பலர் முதல் படத்தைப் பார்த்ததே இல்லை. இரண்டையும் வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க விரும்பும் பெற்றோருக்காகவே இந்தக் குறிப்பு. ஐந்து வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கதையின் முடிவுகளையும் சொல்லாமல் எழுத முடியாது என்பதால், படங்களைப் பார்க்காத பெரியவர்கள் தாங்கள் ஒருமுறை பார்த்த பிறகு இதைப் படிப்பது நல்லது.

எதை முதலில் போடுவது

பிள்ளைகளைக் கேட்டால் புதிய படத்தைத்தான் முதலில் போடச் சொல்வார்கள். படம் பளிச்சென்று இருக்கும், விளம்பரத் துணுக்கை எங்கேயாவது பார்த்திருப்பார்கள். அதற்கு இணங்க வேண்டாம். இரண்டாவது படம் மேரி பாப்பின்ஸைப் பற்றியது என்று தலைப்பு சொன்னாலும், உண்மையில் அது முதல் படத்தில் சிறுவனாக வந்த மைக்கேல் பேங்க்ஸின் கதை. 1910இல் லண்டனின் செர்ரி ட்ரீ லேன் 17ஆம் எண் வீட்டில் காற்றாடி விட்டுத் திரிந்த அந்தச் சிறுவன், 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் மனைவியை இழந்து, மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அப்பா வேலை பார்த்த அதே வங்கியில் பகுதி நேரக் காசாளராக இருந்து, வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் அதே வீட்டை இழக்கப் போகிற நிலையில் நிற்கிறான். அந்தச் சிறுவனை முன்பே அறிந்த பிள்ளைக்குத்தான் இந்த இடம் உறைக்கும். அறியாத பிள்ளைக்கு மைக்கேல் யாரோ ஒரு சோகமான மீசைக்காரர்.

இரண்டையும் அடுத்தடுத்த நாள் பார்ப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் படத்தின் பாடல்கள் பிள்ளைகளின் வாயில் புழங்கி, குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அவர்கள் அவற்றை முணுமுணுக்கத் தொடங்கிய பிறகு, அதாவது இரண்டு மூன்று வாரம் கழித்து, தொடர்ச்சியைப் போடுங்கள். அந்த இடைவெளியில் ‘மைக்கேல் பெரியவனானால் என்ன ஆகியிருப்பான்?’ என்று ஒருமுறை கேட்டு வையுங்கள். விடை எதுவாக இருந்தாலும் திருத்த வேண்டாம். பிள்ளைகள் சொன்ன விடையும் படம் சொல்லும் விடையும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை இரண்டாவது படத்தின் முதல் பத்து நிமிடத்திலேயே அவர்களாகக் கண்டுகொள்வார்கள்.

முன்கூட்டிச் சொல்ல வேண்டியவை

படம் ஓடும்போது நிறுத்தி நிறுத்தி விளக்குவது பிள்ளைகளுக்கு எரிச்சலூட்டும். எனவே தேவையானதை முந்தைய நாள் இரவு கதையாகவே சொல்லிவிடுங்கள். ஆங்கிலம் அவ்வளவு பிடிபடாத பிள்ளையாக இருந்தால், கதை முழுவதையும் முடிவு நீங்கலாகத் தமிழில் சொல்லிவிட்டால் ஒன்றும் குறைந்துபோகாது. பாடல்களின் சொல்விளையாட்டு எப்படியும் முழுதாக விளங்காது, ஆனால் ஆட்டமும் மெட்டும் பிடித்துப்போகும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஆங்கில வசன வரிகளைத் திரையில் வைத்துக்கொள்வது உதவும். முதல் படத்தில் மேரி பாப்பின்ஸின் நண்பன் பெர்ட்டாக வரும் டிக் வான் டைக்கின் லண்டன் கொச்சைப் பேச்சு அரை நூற்றாண்டாகக் கேலிக்கு உள்ளாகி, அதற்காக அவரே 2017இல் வேடிக்கையாக மன்னிப்புக் கேட்டுவிட்டார். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

முதல் படத்துக்கு மூன்று விஷயங்களைச் சொல்லி வைத்தால் போதும். அக்கால லண்டனில் வசதியான வீடுகளில் பிள்ளைகளைப் பெற்றோர் வளர்க்கவில்லை, வீட்டோடு தங்கும் ஆயா வளர்த்தார் என்பது ஒன்று. பிள்ளைகள் அப்பாவை மாலையில் சில நிமிடம் பார்ப்பதே வழக்கமாக இருந்த வீட்டுக்குள்தான் மேரி பாப்பின்ஸ் குடை பிடித்து இறங்குகிறார். அடுத்தது, அம்மா வின்னிஃப்ரெட் தோளில் பட்டையோடு முழக்கமிட்டு வருவது ஏன் என்பது. பிரிட்டனில் பெண்களுக்கு அப்போது நாடாளுமன்ற வாக்குரிமை கிடையாது. 1918இல் முப்பது வயது நிரம்பிய பெண்களில் ஒரு பகுதியினருக்குக் கிடைத்து, 1928இல்தான் ஆண்களுக்குச் சமமாக எல்லாப் பெண்களுக்கும் வந்தது. இதைச் சொல்லி வைத்தால், இரண்டாவது படத்தில் மைக்கேலின் அக்கா ஜேன் தொழிலாளர் உரிமைக்காக ஊர்வலம் திரட்டுவதைப் பார்க்கும்போது, அம்மாவின் குணம் மகளுக்கு வந்திருக்கிறது என்று ஒன்பது பத்து வயதுப் பிள்ளை தானாகச் சொல்லும்.

மூன்றாவது விஷயம் வங்கி. ஒரு சிறுவன் ‘என் காசைக் கொடு’ என்று கத்தியதும் வங்கியில் இருந்தவர்கள் எல்லோரும் தத்தம் பணத்தைத் திருப்பிக் கேட்டு முண்டியடிப்பதும், வங்கி வாசலை மூடுவதும் பிள்ளைகளுக்கு வெறும் குழப்பமாகத் தெரியும். வங்கி தன்னிடம் போட்ட பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பதில்லை, பிறருக்குக் கடனாகக் கொடுத்துவிடுகிறது, ஆகவே எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து கேட்டால் அதனால் கொடுக்க முடியாது என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். புகைபோக்கி துடைப்பவர்கள் கூரைமேல் ஆடுவதைப் பார்த்துப் பிள்ளைகள் அந்த வேலையே கொண்டாட்டம் என்று நினைத்துக்கொண்டால், அந்நாட்டில் சிறுவர்களைப் புகைபோக்கிக்குள் ஏற்றிவிட்ட கொடுமையும், 1875ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே அது ஒழிந்ததும் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கவை. சின்னவர்களுக்கு வேண்டாம்.

இரண்டாவது படத்துக்கு வேண்டியது இன்னும் குறைவு. வேலையில்லாமல் மக்கள் வரிசையில் நின்ற காலம் அது, தெருவிளக்குகளை ஆள் ஏணி வைத்து ஏற்றி அணைத்த காலம் அது, கடனைக் கட்டாவிட்டால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளும் என்ற மூன்றும் தெரிந்தால் கதை ஓடிவிடும். கடன் தவணை என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவை இருக்காது என்றே நினைக்கிறேன்.

எங்கே நிறுத்துவது

முதல் படம் 139 நிமிடம், இரண்டாவது 130 நிமிடம். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளை ஒரே மூச்சில் உட்காராது. உட்கார வைக்க முயல்வதும் சரியல்ல. இரண்டு படங்களுமே நடுவில் ஒரு தாலாட்டை வைத்திருப்பது நமக்கு வசதி. முதல் படத்தில், புனித பால் தேவாலயத்துப் படியில் உட்கார்ந்து பறவைகளுக்கு இரை விற்கும் கிழவியைப் பற்றிய பாட்டை மேரி பாப்பின்ஸ் பாடி முடித்ததும் நிறுத்திவிட்டு, மறுநாள் வங்கிக் காட்சியிலிருந்து தொடரலாம். தொடர்ச்சியில், பிள்ளைகள் பீங்கான் கிண்ணத்துக்குள் போய்த் திரும்பிய இரவில், தொலைந்த பொருட்கள் எங்கே போகின்றன என்று மேரி பாப்பின்ஸ் பாடும் பாட்டோடு நிறுத்துங்கள். இரண்டு இரவுகளிலும் பிள்ளைகள் திரைக்குள் தூங்கப் போகும்போதே உங்கள் பிள்ளைகளும் தூங்கப் போகலாம்.

இந்தத் தாலாட்டுகள் இரண்டும் கதையின் அச்சாணி என்பதையும் கவனியுங்கள். முதல் தாலாட்டு மறுநாள் நடக்கப் போகும் மோதலுக்கு விதை போடுகிறது: மைக்கேல் தன் இரண்டு பென்ஸைப் பறவைக் கிழவியிடம் கொடுக்க விரும்புகிறான், அப்பா அதை வங்கியில் போடச் சொல்கிறார். இரண்டாவது தாலாட்டு, இறந்துபோன அம்மாவைப் பற்றியது என்று வெளிப்படையாகச் சொல்லாமலேயே அதைச் சொல்கிறது. பிறகு அப்பா மனமுடைந்து நிற்கும் ஒரு கட்டத்தில், பிள்ளைகள் அந்தப் பாட்டை அவருக்கே திரும்பப் பாடுகிறார்கள். இரண்டாவது படத்தில் எனக்கு ஐயமே இல்லாமல் நன்றாக வந்திருக்கும் இடம் இதுதான். முதல் படத்தின் எந்தப் பாட்டுக்கும் நகல் என்று இதைச் சொல்ல முடியாது. இப்பாட்டு ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது.

அண்மையில் பெற்றோரில் ஒருவரையோ தாத்தா பாட்டியையோ இழந்த பிள்ளை வீட்டில் இருந்தால், நீங்கள் மட்டும் இந்தப் படத்தை முதலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சில பிள்ளைகளுக்கு அது ஆறுதலாக இருக்கும். சிலருக்கு இன்னும் காலம் வேண்டியிருக்கும். அச்சமூட்டும் காட்சிகள் வேறு இரண்டு உண்டு: கிண்ணத்துக்குள் ஓநாய் வரும் வண்டித் துரத்தல், பெரிய கடிகாரக் கோபுரத்தில் விளக்கேற்றுபவர்கள் ஒருவர்மேல் ஒருவராக ஏறும் உச்சக்கட்டம். முதல் படத்தில், வங்கியிலிருந்து ஓடிவந்த பிள்ளைகள் இருண்ட சந்துகளில் வழி தவறும் சில நிமிடங்கள் சிறு பிள்ளைகளைக் கலக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருங்கள், அடுப்படிக்குப் போய்விடாதீர்கள்.

இன்னொன்றையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். அடுத்த வீட்டு அட்மிரல் பூம், கரி பூசிய முகத்தோடு கூரையில் ஆடுபவர்களைப் பார்த்து, ஆப்பிரிக்க மக்களை இழிவாகக் குறித்த ஒரு பழைய சொல்லைச் சொல்லிக் கூவுகிறார். இதற்காகவே 2024இல் பிரிட்டனின் படத் தரச்சான்று வாரியம், எல்லோரும் பார்க்கலாம் என்ற பிரிவிலிருந்து பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்ற பிரிவுக்கு இப்படத்தை மாற்றியது. சிறு பிள்ளைகள் அதைக் கவனிக்கப் போவதில்லை. கவனித்துக் கேட்டால், அது ஒரு மக்களைப் புண்படுத்திய சொல், இப்போது யாரும் சொல்லக் கூடாது என்று நேராகச் சொல்லிவிட்டு மேலே செல்லுங்கள்.

பாட்டுக்குப் பாட்டு ஒப்பிடும் ஆசை

பெரியவர்கள் இரண்டாவது படத்தைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. இயக்குநர் ராப் மார்ஷல் முதல் படத்தின் வரிசையை ஏறத்தாழ அப்படியே பின்பற்றியிருக்கிறார். அங்கே அறையை ஒழுங்குபடுத்தும் பாட்டு என்றால் இங்கே குளியல் தொட்டிப் பாட்டு. அங்கே சாலையில் சாக்கட்டியால் வரைந்த ஓவியத்துக்குள் குதித்தால் இங்கே பீங்கான் கிண்ணத்தில் தீட்டிய ஓவியத்துக்குள் குதிக்கிறார்கள். அங்கே சிரிக்கச் சிரிக்க உட்கூரைக்கு எழும் மாமா, இங்கே வீடே தலைகீழாகிவிடும் உறவுக்காரி. அங்கே புகைபோக்கி துடைப்பவர்களின் கூரை ஆட்டம், இங்கே விளக்கேற்றுபவர்களின் தெரு ஆட்டம். அங்கே முடிவில் காற்றாடி, இங்கே பலூன். இந்தப் பட்டியலைக் கண்டுபிடித்த பெருமிதத்தில் நாம் ஒவ்வொரு பாட்டுக்கும் ‘பழசு மாதிரி இல்லையே’ என்று சொல்லத் தொடங்கினால், பிள்ளைகளின் மகிழ்ச்சி அந்த இடத்திலேயே செத்துவிடும். ஷெர்மன் சகோதரர்களின் பழைய பாடல்களோடு மார்க் ஷைமனும் ஸ்காட் விட்மனும் எழுதிய புதிய பாடல்கள் போட்டி போட முடியாது என்பது உண்மைதான். பழையவற்றை நாம் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், புதியவற்றை ஒருமுறைதான் கேட்கிறோம் என்பதும் அதே அளவு உண்மை.

அந்தப் பட்டியலை விளையாட்டாக மாற்றிவிடுங்கள். படம் முடிந்த பிறகு, எந்தக் காட்சி எதற்கு இணை என்று பிள்ளைகளே சொல்லட்டும். எட்டு வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். மெரில் ஸ்ட்ரீப் நடித்த தலைகீழ் வீட்டுக் காட்சி கதைக்கு எதையும் சேர்க்கவில்லை என்பது என் கருத்து. வெட்டியிருந்தால் படம் இறுகியிருக்கும். ஆனால் சிறு பிள்ளைகள் அதையே மறுபடி போடச் சொல்வார்கள் என்பதால் அந்தக் கருத்தை நமக்குள் வைத்துக்கொள்வதே நல்லது.

பழைய முகங்களைத் தேடுவதும் நல்ல விளையாட்டுதான். முதல் படத்தில் பெர்ட்டாக நடித்த டிக் வான் டைக், அதே படத்தில் வங்கியின் தலைவரான கிழட்டு டாஸாகவும் வேடம் போட்டிருந்தார். பெயர்ப் பட்டியலில் அவர் பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, கடைசியில் அவை இடம் மாறி உண்மைப் பெயராவதைக் காட்டுவார்கள். அதைத் தவறவிடாமல் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தொடர்ச்சியில் அந்தக் கிழவரின் மகன் டாஸாக, தொண்ணூறு வயதைத் தாண்டிய அவரே வந்து மேசைமேல் ஏறி ஆடுகிறார். பலூன் விற்கும் அம்மையாராக வரும் ஏஞ்சலா லான்ஸ்பரியும் அவரும் 1925இல் பிறந்தவர்கள். முதல் படத்தில் சிறுமி ஜேனாக நடித்த கேரன் டாட்ரிஸ், தொடர்ச்சியில் செர்ரி ட்ரீ லேனில் வழி கேட்கும் பெண்மணியாகச் சில நொடிகள் தலைகாட்டுகிறார். மைக்கேலாக நடித்த மேத்யூ கார்பர் 1977இல் 21 வயதிலேயே இறந்துவிட்டார். ஜூலி ஆண்ட்ரூஸ் ஏன் வரவில்லை என்று யாராவது கேட்டால், அழைத்தும் அவர் மறுத்துவிட்டார், புதிய மேரி பாப்பின்ஸான எமிலி பிளண்டின் மேல் இருக்க வேண்டிய கவனம் தன்மேல் திரும்பிவிடக் கூடாது என்று அவர் நினைத்தார் என்று சொல்லுங்கள்.

ஓவியத்துக்குள் மனிதர்கள் போவது எப்படி என்று கேட்டால்

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். முதல் படத்தில் நடிகர்களை வெள்ளைத் திரையின் முன் நிறுத்தி, அந்தத் திரைமேல் மட்டும் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியைப் பாய்ச்சினார்கள். சோடியம் ஆவி விளக்கு மிகக் குறுகிய அலைநீளத்தில் மட்டுமே ஒளி விடும். கேமராவுக்குள் இருந்த ஒரு முப்பட்டகம் அந்த ஒளியைத் தனியே பிரித்து இன்னொரு படச்சுருளுக்கு அனுப்பியதால், நடிகர் எங்கே முடிகிறார், பின்னணி எங்கே தொடங்குகிறது என்ற கோடு மிகத் துல்லியமாகக் கிடைத்தது. அன்றைய நீலத்திரை முறையில் தலைமுடியும் மெல்லிய துணியும் ஓரங்களில் பிசிறடிக்கும். மேரி பாப்பின்ஸின் தொப்பியிலிருந்து தொங்கும் வலைத்துணிக்கு ஊடாகப் பின்னணி ஓவியம் தெரிவதை நிறுத்திக் காட்டுங்கள். 1964இல் அது எவ்வளவு பெரிய வேலை என்பது பிள்ளைகளுக்கு விளங்கும். அந்தப் படத்துக்குக் கிடைத்த ஐந்து ஆஸ்கர் விருதுகளில் காட்சி விளைவுகளுக்கான விருதும் ஒன்று.

தொடர்ச்சியில் கணினி வரைகலை தாராளமாகக் கிடைத்த காலத்திலும், கிண்ணத்துக்குள் வரும் விலங்குகளைக் கையால் வரைந்தே இயக்கினார்கள். ஆடை வடிவமைப்பாளர் சாண்டி பவல் அந்தக் காட்சிக்கான உடைகளில் மடிப்புகளையும் பட்டைகளையும் தூரிகையால் தீட்டவைத்ததால், உயிருள்ள நடிகர்களும் நீர்வண்ண ஓவியம் போலவே தெரிகிறார்கள். வரைவதில் ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால், இந்தக் காட்சியை இரண்டாம் முறை ஒலியில்லாமல் ஓடவிட்டு உடைகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு பென்ஸ் கணக்கு

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகளோடு பேசுவதற்கு இந்த இரண்டு படங்களும் சேர்ந்து ஒரு நல்ல வழக்கைத் தருகின்றன. முதல் படத்தில் அப்பா ஜார்ஜ் பேங்க்ஸும் வங்கியின் தலைவர்களும், இரண்டு பென்ஸை வங்கியில் போட்டால் ரயில் பாதைகளும் அணைகளும் கப்பல்களுமாகப் பெருகும் என்று பாடிப் பாடிச் சிறுவனை மிரட்டுகிறார்கள். அவனோ பறவைக்கு இரை வாங்கவே விரும்புகிறான். அந்தத் தகராறில்தான் வங்கியே ஆட்டம் காண்கிறது, அப்பா வேலையை இழக்கிறார், குடையைத் திருப்பிவிட்டுத் தொப்பியைக் குத்தி அவமானப்படுத்துகிறார்கள், அதன் பிறகே அவர் பிள்ளைகளோடு காற்றாடி விடப் போகிறார். படத்தின் முழு எடையும் சிறுவன் பக்கம்தான் சாய்கிறது.

தொடர்ச்சியின் முடிவில், தொலைந்த பங்குப் பத்திரம் கிடைத்தும் முழுதாகப் பயன்படாமல் போகும் நிலையில், டாஸ் வந்து ஒரு செய்தி சொல்கிறார்: அன்று மைக்கேல் அப்பாவிடம் கொடுத்த அதே இரண்டு பென்ஸ் வங்கியில் போடப்பட்டு, திறமையான முதலீடுகளால் வளர்ந்து, இப்போது கடனை அடைக்கும் அளவுக்கு ஆகிவிட்டது. வீடு தப்பித்தது, பிள்ளைகள் கைதட்டுவார்கள். ஆனால் இதன்படி பார்த்தால், பழைய படத்தில் மிரட்டிய வங்கிக்காரர்கள் சொன்னதுதான் சரி என்றாகிவிடுகிறது. முதல் படம் கவனமாகக் கட்டியதை இரண்டாவது படம் ஒரு வாக்கியத்தில் அவிழ்த்துவிட்டது என்றே நான் கருதுகிறேன். தொடர்ச்சி எடுப்பவர்கள் பழைய படத்தின் பொருட்களை, குடை, காற்றாடி, காசு என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கி எடுத்துவிட்டு, அந்தப் பொருள் அங்கே எதற்காக இருந்தது என்பதை விட்டுவிடும்போது நேரும் விபத்து இது.

இதைப் பிள்ளைகளிடம் தீர்ப்பாகச் சொல்ல வேண்டாம், கணக்காகக் கொடுங்கள். அக்கால பிரிட்டிஷ் பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ். ஆக ஒரு பவுண்டு என்பது 240 பென்ஸ். 1910இல் போட்ட இரண்டு பென்ஸ், ஆண்டுக்கு 5 விழுக்காடு கூட்டு வட்டியில் 25 ஆண்டு கழித்து எவ்வளவு ஆகும்? ஏழு பென்ஸைக்கூடத் தொடாது. ஆண்டுக்கு 20 விழுக்காடு என்று எந்த வங்கியும் தராத வட்டியைப் போட்டாலும் ஏறத்தாழ 191 பென்ஸ்தான், ஒரு பவுண்டுகூட இல்லை. பிள்ளையே கணக்குப் போட்டு இதைக் கண்டுபிடித்ததும், ‘அப்படியானால் படத்தில் சொன்னது பொய்யா?’ என்று கேட்கும். ‘நீ என்றால் அந்த வீட்டை எப்படிக் காப்பாற்றியிருப்பாய்?’ என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். பறவைக் கிழவியை மறுபடி கொண்டுவருவேன் என்று சொல்லும் பிள்ளைக்கு இரண்டு படமும் முழுதாக விளங்கிவிட்டது.

சின்னப் பிள்ளைகளிடம் இவ்வளவு வேண்டியதில்லை. மேரி பாப்பின்ஸ் இரண்டு முறையும் எப்போது கிளம்பிப் போனார் என்று மட்டும் கேளுங்கள். முதல் படத்தில் காற்று திசை மாறும்வரை, இரண்டாவதில் கதவு திறக்கும்வரை இருப்பேன் என்கிறார். இரண்டிலும் அப்பா பழையபடி பிள்ளைகளோடு சிரிக்கத் தொடங்கியதும் அவருக்கு வேலை முடிந்துவிடுகிறது. அவர் யாரைப் பார்த்துக்கொள்ள வந்தார் என்ற கேள்விக்கு, ‘அப்பாவை’ என்று ஆறு வயதுப் பிள்ளையும் விடை சொல்லிவிடும்.

பிறகு புத்தகம்

படங்களுக்குப் பிறகு பி. எல். டிராவர்ஸின் புத்தகங்களை எடுத்தால், அவர் உருவாக்கிய மேரி பாப்பின்ஸ் இன்னும் கடுகடுப்பானவர், தன் அழகில் பெருமை கொண்டவர், எதையும் விளக்காதவர் என்பது தெரியவரும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1899இல் பிறந்த டிராவர்ஸின் தந்தை வங்கி மேலாளராக இருந்து பதவியிறக்கப்பட்டவர். 1907இல், மகளுக்கு ஏழு வயது இருக்கும்போது இறந்துபோனார். இந்தக் குடும்பத்துக்கு பேங்க்ஸ் என்று பெயர் வைத்ததையும், அப்பாவை வங்கிக்கு அனுப்பியதையும் இந்தப் பின்னணியோடு சேர்த்துப் படித்தால், படங்கள் இரண்டும் அப்பாவைச் சுற்றியே அலைவதன் காரணம் ஓரளவு பிடிபடும். வால்ட் டிஸ்னி பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டுப் பெற்ற உரிமையில் எடுத்த முதல் படத்தை, குறிப்பாக அதில் வந்த கார்ட்டூன் பகுதியை, அவர் விரும்பவில்லை. இரண்டாவது படம் அவர் 1996இல் மறைந்த பிறகு எடுக்கப்பட்டது.

ஆனாலும் அந்தத் தொடர்ச்சிக்கு ஒரு நல்ல பண்பு உண்டு. அதில் நாம் பார்க்கும் புதுமைகள் பலவும் 1935இல் அவர் எழுதிய இரண்டாவது புத்தகமான ‘மேரி பாப்பின்ஸ் கம்ஸ் பேக்’கிலிருந்து வந்தவை. காற்றாடி நூலின் முனையில் தொங்கிக்கொண்டு அவர் திரும்பி வருவது, விரிசல் விட்ட ராயல் டௌல்டன் பீங்கான் கிண்ணம், தலைகீழாகும் உறவினர், பூங்காவில் பலூன் விற்கும் பெண் ஆகிய நான்கும் அந்தப் புத்தகத்தில் தனித்தனி அத்தியாயங்கள். ஆகவே இரண்டாவது படத்தை விரும்பிய பிள்ளைக்கு முதல் புத்தகத்தைவிட இந்த இரண்டாவதை முன்னால் கொடுப்பது பலன் தரும். இரவுக்கு ஒரு அத்தியாயம் என்று நீங்களே தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றும் தனிக்கதை போல நிற்பதால் வரிசை மாறினாலும் பெரிதாகக் கெடாது.

1934இல் வந்த முதல் புத்தகத்தை வாங்கும்போது மட்டும் பதிப்பைப் பாருங்கள். திசைகாட்டியைச் சுழற்றி உலகைச் சுற்றிவரும் அத்தியாயத்தில், பிற நாட்டு மக்களைக் கேலியாகக் காட்டிய பகுதிகள் இருந்தன. டிராவர்ஸே முதலில் 1967இல் பேச்சுகளைத் திருத்தி, பிறகு 1981இல் அந்த மனிதர்களை முழுதாக எடுத்துவிட்டு, பனிக்கரடி, மக்கா கிளி, பாண்டா, டால்பின் என்று விலங்குகளை வைத்து மாற்றி எழுதினார். ஓவியர் மேரி ஷெப்பர்டும் அதற்கேற்பப் படத்தைத் திருத்தி வரைந்தார். பழைய புத்தகக் கடையில் கிடைப்பது எந்தப் பதிப்பு என்று முதல் பக்கத்தில் பார்த்துவிட்டு, 1981க்கு முந்தையதாக இருந்தால் அந்த அத்தியாயத்தை மட்டும் நீங்கள் முதலில் படித்துப் பார்த்துக் கொடுங்கள்.